ஆடாத மரக்கால்: வீட்டில் செய்த சர்க்யூட்டில் ரெஃபரன்ஸ் வோல்டேஜை நிலைக்க வைப்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பாவின் களத்தில் சம்பா நெல் குவிந்து கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல். வண்டி வாடகை கொடுத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்று திரும்பி வருவதைவிட, களத்திலேயே ஒருமுறை பார்த்துவிடலாமே என்று நான் ஒரு ஈரப்பத மீட்டர் செய்து கொடுத்தேன். இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே நெல்லை இறுக்கி அதன் மின்தடையை அளக்கிற எளிய கருவிதான். உள்ளே ஆர்டுயினோ நானோ என்னும் சின்னப் புரோகிராம் போர்டு, அதற்கு ரெஃபரன்ஸாக டி.எல்.431 என்னும் மூன்று கால் ஐ.சி.

விடியற்காலையில் 16.4 காட்டிய அதே நெல், பத்து மணிக்கு 18.1 காட்டியது. சித்தப்பா இரண்டு நெல்மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "காஞ்சுதானேப்பா இருக்கு, உன் பெட்டிக்குத்தான் காய்ச்சல்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பெட்டியின் காய்ச்சலைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆனது. முறையாகப் போயிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் செய்வது ஈரப்பத மீட்டராக இருக்க வேண்டியதில்லை. பேட்டரி கட்-ஆஃப், தண்ணீர் மட்டம் காட்டும் கருவி, சோலார் சார்ஜர் எதுவானாலும் வழி இதேதான்.

ரெஃபரன்ஸ் என்றால் என்ன என்று முதலில் ஒரு வார்த்தை. நெல்லை மரக்காலால் அளப்பதுபோல, சர்க்யூட் ஒவ்வொரு வோல்டேஜையும் தன்னிடம் இருக்கும் ஒரு நிலையான வோல்டேஜோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது. அந்த நிலையான வோல்டேஜ்தான் ரெஃபரன்ஸ். மரக்கால் சுருங்கினால் அதே நெல் அதிக மரக்கால் வரும். இங்கும் அப்படியே: நானோ ரெஃபரன்ஸை 1024 படியாக வெட்டி அளக்கிறது. ரெஃபரன்ஸ் 2.5 வோல்ட்டாக இருக்கும்போது 1.25 வோல்ட்டைக் கொடுத்தால் 512 என்று எண் வரும். ரெஃபரன்ஸ் 2.4-க்கு இறங்கிவிட்டால் அதே 1.25 வோல்ட்டுக்கு 533 வரும். உள்ளே வந்தது மாறவில்லை, அளவைதான் மாறியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த கணக்கு வரும் இடங்களில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் என்று அளவையின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள், அது ராஜகேசரி என்னும் அளவைக்குச் சமம் என்ற விவரத்தோடு. பெயர்தான் ஆடவல்லான், அளவு ஆடக்கூடாது என்பதில் ராஜராஜன் காலத்து ஆட்கள் கறாராக இருந்திருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். அளவு ஆடினால் உடனே ரெஃபரன்ஸ் ஐ.சி.யைக் கழற்றி வேறு போடுவது. பத்துக்கு எட்டு தடவை ஐ.சி. நல்லதாகத்தான் இருக்கும். அதற்கு நாம் போடும் சோறும் அது இருக்கும் இடமும்தான் சரியிருக்காது.

தொடங்கும் முன்

பேட்டரியில் வேலை செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், ஒரு கெபாசிட்டரை வைத்து 230 வோல்ட்டிலிருந்து நேராகச் சப்ளை எடுக்கும் சர்க்யூட்டாக இருந்தால் அதன் மேல் மல்டிமீட்டரின் முனையை வைக்கவே வேண்டாம். அதில் கிரவுண்டு என்று நாம் நினைப்பதே லைனோடு தொட்டுக்கொண்டிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் ஊர் நம்முடையது.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி அல்லது பழைய பைக் பேட்டரி, புதிய 1.5 வோல்ட் செல் ஒன்று, சில ரெசிஸ்டர்கள், 10 மற்றும் 47 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர்கள், ஒரு நோட்டு. ஆஸிலோஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லை என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: நெல்லை எடுத்துவிட்டு ரெசிஸ்டரை வையுங்கள்

ஆடுவது சென்சாரா, சர்க்யூட்டா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நெல்லின் மின்தடை ஈரத்தால் மட்டுமல்ல, வெப்பத்தாலும் மாறும். கடையில் விற்கும் ஈரப்பத மீட்டர்களில் வெப்பத்துக்கு ஒரு திருத்தம் சேர்த்திருப்பது அதனால்தான். ஆகவே சென்சாரைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய அதே மதிப்புள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடத்தில் போடுங்கள். இப்போது அளவு அசையாமல் நின்றால் பிரச்சினை சென்சாரில். நீங்கள் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிடலாம். இப்போதும் ஆடினால் மேலே படியுங்கள். எனக்கு ஆடியது.

படி 2: எப்படி ஆடுகிறது என்று எழுதுங்கள்

'ஆடுகிறது' என்பது மூன்று வேறு வியாதிகளுக்கு ஒரே பெயர். கடைசி இலக்கம் நொடிக்கு நொடி துள்ளினால் அது இரைச்சல். காலையிலிருந்து மதியம்வரை மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்தால் வெப்பம் அல்லது ஈரம். ரிலே போடும்போது, திரை விளக்கு எரியும்போது, பக்கத்து வயலில் மோட்டார் ஓடும்போது மட்டும் தொப்பென்று விழுந்தால் சப்ளை அல்லது கிரவுண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், சப்ளை வோல்டேஜ், ரெஃபரன்ஸ் வோல்டேஜ், திரையில் வந்த எண் நாலையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் போதும். சலிப்பான வேலைதான், ஆனால் என் நாலு நாளில் மூன்றை இந்த ஒரு பக்கம் மிச்சப்படுத்தியிருக்கும்.

படி 3: மீட்டரையே சந்தேகப்படுங்கள்

மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டரில் 20 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் 10 மில்லிவோல்ட். துல்லியம் அரை சதவீதமும் இரண்டு இலக்கமும் என்று போட்டிருந்தால், உண்மையான 2.5 வோல்ட்டை அது 2.47 என்றோ 2.53 என்றோ காட்டினாலும் அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி சோர்ந்துவிட்டால் இன்னும் மோசம்: பெரும்பாலும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டத் தொடங்கும். திரையில் பேட்டரிப் படம் தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

சரி, 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே நடப்பதை எப்படிப் பார்ப்பது? இங்கே ஒரு பழைய தந்திரம். புதிய 1.5 வோல்ட் செல்லின் மைனஸைச் சர்க்யூட்டின் கிரவுண்டில் சேருங்கள். மீட்டரின் கறுப்பு முனையைச் செல்லின் பிளஸிலும், சிவப்பு முனையை ரெஃபரன்ஸிலும் வையுங்கள். புதிய அல்கலைன் செல் 1.6 வோல்ட் அளவில் இருக்கும். ஆகவே மீட்டர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும், சுமார் 900 மில்லிவோல்ட் என்று காட்டும். இப்போது 2000 மில்லிவோல்ட் ரேஞ்சுக்குப் போகலாம், ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் தெரியும். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகச் சிறியது என்பதால் செல் ஒரு மணி நேரத்தில் அசையாது. செல்லைக் கையில் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், உடல் சூடு பட்டால் அதுவும் நகரும். ஓரமாக ஒரு துணியில் சுற்றி வையுங்கள்.

படி 4: சப்ளையை மாற்றிப் பாருங்கள்

அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். ஆட்டம் நின்றால் ரெஃபரன்ஸை விட்டுவிட்டுச் சப்ளையைத் துருவுங்கள்.

டெல்டாவில் இதற்கு முக்கியத்துவம் அதிகம். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் சுற்று வட்டாரத்தில் அத்தனை போர் மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். வீட்டில் ஃபேன் தளர்ந்து சுற்றுவதைப் பார்த்தே வோல்டேஜைச் சொல்லிவிடுவோம். லைன் 170-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். உங்களிடம் இருப்பது 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டையோடு பிரிட்ஜ், 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் ஐ.சி. 7805. 230-க்கு 9 என்றால் 170-க்கு சுமார் 6.65 வோல்ட். அதன் உச்சம் 9.4. பிரிட்ஜில் 1.4 போனால் 8 வோல்ட். சர்க்யூட் 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் கெபாசிட்டரில் ரிப்பிள், அதாவது வோல்டேஜின் ஏற்ற இறக்கம், ஏறக்குறைய 2 வோல்ட். ஆகப் பள்ளத்தில் 6 வோல்ட்தான் மிஞ்சுகிறது. 7805-க்கு 5 வோல்ட் கொடுக்க உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். நொடிக்கு நூறு தடவை அது மூச்சுத் திணறுகிறது. மீட்டரில் சராசரிதான் தெரியும் என்பதால் 4.9 என்று பார்த்துவிட்டு நாம் நிம்மதியாக இருப்போம்.

மருந்து: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1000 மைக்ரோஃபேரட்டுக்குக் குறையாத கெபாசிட்டர், 7805-இன் காலை ஒட்டியே உள்ளே 0.33-ம் வெளியே 0.1 மைக்ரோஃபேரட்டும். 'ஒட்டியே' என்றால் விரற்கடை தூரத்தில். சால்டர் இல்லாமல் செருகிச் செய்யும் பிரெட்போர்டின் மறுமுனையில் அல்ல.

செல்போன் சார்ஜரில் ஓட்டுகிறவர்களுக்கு: மலிவு சார்ஜரின் 5 வோல்ட்டில் இரைச்சல் நிறைய. அதையே ரெஃபரன்ஸாக வைத்து அளப்பது ரப்பர் டேப்பால் வயலை அளப்பதுபோல. நானோவில் யூ.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட் ஒரு டையோடைத் தாண்டி வருவதால் உள்ளே 4.6, 4.7 என்று குறைந்துதான் இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 5: ரெஃபரன்ஸுக்கு வயிறு நிறைகிறதா?

என் கோளாறு இங்கேதான் இருந்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டி.எல்.431 ஒரு ஷன்ட் வகை. மேலேயிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் வர வேண்டும். வந்ததில் மிச்சத்தைத் தன் வழியாகக் கீழே விட்டுத்தான் அது 2.495 வோல்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது. வாய்க்காலில் தண்ணீர் மட்டத்தைக் கலிங்கு நிறுத்துகிற மாதிரி: கொஞ்சமாவது வழிந்துகொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். வழியவே இல்லையென்றால் மட்டம் வரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். டி.எல்.431-க்கு உறுதியாக 1 மில்லி ஆம்பியராவது வழிய வேண்டும்.

நான் 'பேட்டரி மிச்சமாகட்டும்' என்று 10 கிலோ ஓம் போட்டிருந்தேன். கணக்கைப் பாருங்கள்: 5-லிருந்து 2.5 போக மீதி 2.5 வோல்ட், 10 கிலோ ஓமில் 0.25 மில்லி ஆம்பியர். அதிலும் நானோவின் ரெஃபரன்ஸ் கால் உள்ளே சுமார் 32 கிலோ ஓம், அது 0.08-ஐ எடுத்துக்கொள்ளும். ஐ.சி.க்கு மிஞ்சியது 0.17. வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு. மீட்டரில் 2.3-க்கும் 2.45-க்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் போலி ஐ.சி. கொடுத்துவிட்டார் என்று மூன்று ஐ.சி. மாற்றினேன். பாவம் அந்தக் கடைக்காரர்.

1 கிலோ ஓம் போட்டதும் 2.5 மில்லி ஆம்பியர் கிடைத்தது. ஊசி குத்தி நிறுத்தினாற்போல் 2.49-இல் நின்றது.

கணக்குப் போடும்போது சப்ளையின் மிகக் குறைந்த வோல்டேஜை வைத்துப் போடுங்கள். 5 வோல்ட் என்று எழுதியிருப்பதை வைத்து அல்ல. சப்ளை 4.5-க்கு இறங்கும், லோடு 0.1 மில்லி ஆம்பியர், ஐ.சி.க்கு 1.5 வேண்டும் என்றால் 2 வோல்ட்டை 1.6 மில்லி ஆம்பியரால் வகுத்து 1.25 கிலோ ஓம். கடையில் கிடைக்கும் 1.2 அல்லது 1 கிலோ ஓம் போடலாம். இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும்: சப்ளை மிக ஏறும்போது ஐ.சி. வழியாக 100 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கணக்கில் அந்தப் பயம் இல்லை.

பேட்டரியை உண்மையிலேயே மிச்சப்படுத்த வேண்டுமென்றால் எல்.எம்.385 போன்ற, சில பத்து மைக்ரோ ஆம்பியரிலேயே நிற்கும் ரெஃபரன்ஸ் வாங்குங்கள். டி.எல்.431-ஐப் பட்டினி போடாதீர்கள்.

ஐ.சி. நல்லதுதானா என்ற சந்தேகம் போகாவிட்டால் தனியே சோதிக்கலாம். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் ரெஃபரன்ஸ், நடு ஆனோடு, வலது கேத்தோடு. இடதையும் வலதையும் சேர்த்து, 9 வோல்ட் பேட்டரியின் பிளஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக அங்கே கொடுங்கள். நடுக்கால் மைனஸில். சேர்த்த இடத்தில் 2.5-ஐ ஒட்டி வர வேண்டும். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை, டிவிடி பிளேயர் போர்டுகளில் ஆப்டோ-கப்ளருக்கு (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐ.சி.) பக்கத்தில் பார்த்தால் இந்த ஐ.சி. உட்கார்ந்திருக்கும். கழற்றி இப்படிச் சோதித்தால் காசு கொடுக்காமலே ஒன்று கிடைக்கும்.

2.5-க்குப் பதில் 5 வோல்ட் வேண்டும் என்று இரண்டு ரெசிஸ்டரால் பிரித்துக் கொடுக்கிறீர்களா? அந்த ரெசிஸ்டர்கள் 100 கிலோ ஓமாக இருக்க வேண்டாம். ரெஃபரன்ஸ் காலே சுமார் 2 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும். மேல் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் என்றால் அங்கேயே 0.2 வோல்ட் தப்பு. 2.2 கிலோ ஓம் போட்டால் 4 மில்லிவோல்ட்டோடு போயிற்று.

படி 6: நல்லது செய்வதாக நினைத்துப் போட்ட கெபாசிட்டர்

'இரைச்சலா, ஒரு 0.1 போடு' என்பது எல்லா மெக்கானிக்கும் சொல்லும் வைத்தியம். பெரும்பாலும் சரி. டி.எல்.431-இல் மட்டும் அது வினையாகலாம். இந்த ஐ.சி.க்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. வெளியே 10 நானோஃபேரடிலிருந்து சில மைக்ரோஃபேரட்வரையிலான கெபாசிட்டரைத் தொங்கவிட்டால் அது தானாகவே அலைய ஆரம்பிக்கக்கூடும். கெபாசிட்டரே இல்லையென்றாலும் நிற்கும், பெரிதாக இருந்தாலும் நிற்கும், நடுவில்தான் ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான ஆர்டுயினோ போர்டுகளில் ரெஃபரன்ஸ் காலில் 0.1 மைக்ரோஃபேரட் ஏற்கெனவே சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் எதையும் போடாமலே நடு ஆபத்தில் நிற்கிறீர்கள்.

ஸ்கோப் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க: செல் தந்திரத்தில் மீட்டரை வைத்துக்கொண்டு, ஐ.சி.யின் காலருகே விரலைக் கொண்டுபோங்கள். தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே எண் பல மில்லிவோல்ட் தாவினால் உள்ளே அலைகிறது என்று பொருள். மீட்டரின் ஏசி ரேஞ்சை நம்பாதீர்கள். மலிவு மீட்டரில் ஏசி 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அந்த ரேஞ்சில் இது தெரியவே தெரியாது.

மருந்து இரண்டில் ஒன்று. 10 அல்லது 47 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலிடிக்கைச் சேர்த்து ஆபத்தைத் தாண்டி மேலே போய்விடுங்கள். அல்லது ஐ.சி.க்கும் போர்டின் ரெஃபரன்ஸ் காலுக்கும் நடுவே 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். அந்த 32 கிலோ ஓமால் 3, 4 மில்லிவோல்ட் குறையும், ஆனால் நிலையாகக் குறையும். நிலையான தப்பைப் புரோகிராமில் திருத்திக்கொள்ளலாம்.

இது எல்லா ரெஃபரன்ஸுக்கும் பொது விதி அல்ல. எல்.எம்.4040-க்கு எந்தக் கெபாசிட்டரும் ஒத்துக்கொள்ளும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆர்.இ.எஃப்.5025-க்கோ வெளியே 1 முதல் 50 மைக்ரோஃபேரட்வரை கட்டாயம் வேண்டும். ஒன்றின் வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வதற்கு முன் டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாள்) 'கெபாசிட்டர்' என்று வரும் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 7: கிரவுண்டு என்பது ஒரு இடம், ஒரு வயர் அல்ல

ரிலே போட்டதும் அளவு விழுகிறதா? ரிலேயின் 80 மில்லி ஆம்பியரும் ரெஃபரன்ஸின் கிரவுண்டும் ஒரே ஜம்பர் வயர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகின்றன என்று பாருங்கள். பிரெட்போர்டின் பிடிமானமும் வயரும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே அங்கே 8 மில்லிவோல்ட் நிற்கும். நானோவில் 2.5 வோல்ட்டை 1024-ஆக வெட்டினால் ஒரு படி 2.44 மில்லிவோல்ட், ஆக மூன்று படி தப்பு. தளர்ந்த பழைய பிரெட்போர்டில் 0.1 ஓமோடு நிற்காது.

சோதனை எளிது. மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பை ரெஃபரன்ஸ் ஐ.சி.யின் நடுக்காலிலும் வையுங்கள். ரிலேயைப் போட்டு அணைத்துப் பாருங்கள். இரண்டும் 'ஒரே கிரவுண்டு' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, மீட்டர் வேறு கதை சொல்லும். எனக்குத் திரை விளக்குக்கே 5 மில்லிவோல்ட் ஏறியது.

ரிலே, விளக்கு, பஸர் இவற்றுக்கு ஒரு திரும்பும் வயர். ரெஃபரன்ஸ், சென்சார் இவற்றுக்குத் தனியாக ஒன்று. இரண்டும் ஒரே ஒரு இடத்தில், பேட்டரியின் மைனஸுக்கு அருகே சேரட்டும். மடையிலிருந்தே தனி வாய்க்கால் பிரித்துவிட்டால் மேல் வயல்காரன் பாய்ச்சுவதால் கீழ் வயலின் மட்டம் இறங்காது.

படி 8: ஈரமும் பேஸ்டும்

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் அப்பளம் நமுக்கும் வேகம் தெரியும். போர்டும் நமுக்கும். காய்ந்த நாளில் ஒழுங்காக இருந்து மழை நாளில் மட்டும் நகர்கிற சர்க்யூட்டில் முதலில் பார்க்க வேண்டியது சால்டர் செய்த இடங்களைச் சுற்றிப் படிந்திருக்கும் பேஸ்ட். சின்ன டப்பாவில் விற்கும் சால்டரிங் பேஸ்ட்டுகளில் சில அமிலத்தன்மை உடையவை. ஈரத்தை இழுத்து, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெசிஸ்டரை உண்டாக்கிவிடும். சர்க்யூட்டில் மெகா ஓம் அளவில் ரெசிஸ்டர் இருந்தால் அந்தக் கசிவு நேராக அளவில் தெரியும். ஈரப்பத மீட்டர் நெல்லின் ஈரத்தை விட்டுவிட்டுத் தன் ஈரத்தையே அளந்துகொண்டிருக்கும்.

பழைய பல்துலக்கும் பிரஷ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அழுத்தித் தேய்த்து, துணியால் ஒற்றி, வெயிலில் காயவையுங்கள். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. செம்பு பச்சை பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி ஈயம் வையுங்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோட் அடிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

பிரெட்போர்டிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது.

படி 9: வெப்பம்

ஐ.சி.யின் மேல் விரலை வைத்துச் சூடேற்றுங்கள், பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்ட பனிக்கட்டியை அருகே காட்டுங்கள். டி.எல்.431 சில மில்லிவோல்ட்தான் நகரும். அதற்கு மேல் நகர்ந்தால் மறுபடி படி 5-க்குப் போங்கள்.

ரெஃபரன்ஸாகச் சாதாரண டையோடையோ எல்.இ.டி.யையோ வைத்திருந்தால் டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். விடியலுக்கும் தகரக் கொட்டகையின் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 40 மில்லிவோல்ட். ஜீனர் டையோடில் 5.1, 5.6 வோல்ட் வகைகள்தான் வெப்பத்துக்கு அதிகம் அசையாதவை. அதற்குக் கீழே உள்ளவை சூட்டில் இறங்கும், மேலே உள்ளவை ஏறும். 7805-க்குப் பக்கத்தில் ரெஃபரன்ஸை வைக்காதீர்கள். அடுப்பங்கரையில் தராசு வைத்த கதை.

படி 10: புரோகிராமில் ஒரு வரி

வெளி ரெஃபரன்ஸ் போட்டிருந்தால், அளப்பதற்கு முன்பே புரோகிராமில் ரெஃபரன்ஸை 'எக்ஸ்டெர்னல்' என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் அளந்தால் சிப்புக்குள் 5 வோல்ட்டும் உங்கள் 2.5 வோல்ட்டும் நேருக்கு நேர் மோதும். சிப் போகலாம். மாற்றிய பிறகு வரும் முதல் சில அளவுகளைத் தூக்கி எறியுங்கள். அப்புறம், நூறு அளவு எடுத்துச் சராசரி போடுவது இரைச்சலுக்கு மருந்து. நகர்வுக்கு அது மருந்தல்ல, அழகாக நகரும், அவ்வளவுதான்.

வெளி ரெஃபரன்ஸே வேண்டாம் என்றால் சிப்புக்குள்ளேயே 1.1 வோல்ட் ஒன்று இருக்கிறது. சிப்புக்குச் சிப் அது 1.0 முதல் 1.2 வரை எதுவாகவும் இருக்கலாம், ஆனால் உங்கள் சிப்பில் இருப்பது அதிகம் மாறாது. ஒருமுறை அளந்து புரோகிராமில் எழுதிக்கொண்டால் போதும்.

ரெஃபரன்ஸ் ஆடினாலும் அளவு ஆடாமல் இருக்க

எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நெல்லும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்டேஜைப் பிரித்துத் தரும் பிரிப்பானுக்கு நான் 5 வோல்ட் சப்ளையிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அளப்பதோ 2.5 வோல்ட்டோடு ஒப்பிட்டு. இரண்டும் வேறு வேறு என்பதால் எது நகர்ந்தாலும் அளவு நகரும். பிரிப்பானுக்கும் அதே ரெஃபரன்ஸிலிருந்தே கொடுத்துவிட்டால், ரெஃபரன்ஸ் 2 சதவீதம் இறங்கும்போது அளக்கப்படுவதும் 2 சதவீதம் இறங்கும், எண் அப்படியே நிற்கும். மின்தடையை அளக்கும் எந்தச் சென்சாருக்கும் இது பொருந்தும்: ஈரம், வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர், வால்யூம் கன்ட்ரோல் மாதிரித் திருகுவது எல்லாம். பேட்டரியின் வோல்டேஜை அளக்கத்தான் உண்மையாகவே அசையாத ரெஃபரன்ஸ் வேண்டும். உங்கள் சர்க்யூட் எந்த வகை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கடைசியில் பார்த்தேன்.

இப்போது அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ரெஃபரன்ஸ் 2.487, மேல் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், அளந்த தேதி, எந்த மீட்டரால் அளந்தேன் என்பது. பக்கத்திலேயே சோதனை ரெசிஸ்டர் ஒன்றை டேப் போட்டு ஒட்டி, அதை வைத்தால் திரையில் என்ன எண் வர வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். சித்தப்பா நெல்லைப் போடுவதற்கு முன் அந்த ரெசிஸ்டரை இரண்டு தகட்டுக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பார். எண் சரியாக இருந்தால் நெல்லைப் போடுவார். மாறியிருந்தால் எனக்கு ஃபோன் வரும்.